சார்ஜ் ஏறாத வண்டி

6 பிப்ரவரி 2019, புதன்

எல்லாப் புதனும்போல் அக்காவைப் பார்க்கக் கிளம்பினேன். காலை 9.20க்கு, ஆறாவது கிலோமீட்டரில், மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டது. ஹாரன் முனகியது, விளக்கு மினுங்கி அணைந்தது. பேட்டரி வாங்கி மூன்று மாதம்கூட நிறையவில்லை (9 நவம்பர்). ஆகவே குற்றம் பேட்டரியுடையதன்று. அதற்கு மின்சாரம் அனுப்பும் ரெகுலேட்டருடையது என்பது என் கணிப்பு. சுமை வண்டியில் ஏற்றி வீடு சேர்த்தேன். படுத்த படுக்கையாக இருக்கும் அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

மாலையில் மகன்: "போதும்ப்பா. இது வண்டியா, வம்பா? அடுத்த புதனுக்குள்ள சரியாகலைன்னா தரகரைக் கூப்பிட்டு வித்துடுவேன்."

"அப்புறம் அக்கா வீட்டுக்கு நான் எப்படிப் போறது?"

"ஒரு ஞாயித்துக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்."

எந்த ஞாயிறு, தேதி சொல் என்றேன். உள்ளே போய்விட்டான்.

7 பிப்ரவரி, வியாழன்

பேருந்து நிற்கும் சாலைக்கு இரண்டரைக் கிலோமீட்டர். என் முழங்கால் அரைக் கிலோமீட்டருக்கு மேல் ஒப்புவதில்லை. மாடியில் நின்றேன். பால்காரர் வந்தார், போனார். கேஸ் சிலிண்டர்காரர் வந்தார், போனார். எல்லாரும் போகிறார்கள்.

9 பிப்ரவரி, சனி

மருமகள் தன் கணவனுக்குத் தெரியாமல் ஸ்கூட்டரில் என்னைப் பழைய உதிரிபாகக் கடைக்கு அழைத்துச் சென்றாள். வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய ரெகுலேட்டரை வாங்கினேன்; புதியதன் விலையில் கால் பங்கு. "நான் கூட்டிட்டு வந்தேன்னு மூச்சு விடாதீங்க, மாமா."

10 பிப்ரவரி, ஞாயிறு

நானே மாட்டினேன். எஞ்சினை முறுக்கினால் மீட்டரில் பதினான்கு வோல்ட் வர வேண்டும். 11.9. மறுபடியும் பார்த்தேன் — 11.8. என்னதான்யா வேணும் உனக்கு?

11 பிப்ரவரி, திங்கள்

11.8.

12 பிப்ரவரி, செவ்வாய்

வேறு வழியின்றி மெக்கானிக்கை வரவழைத்தேன். குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை, சிரிக்கிறார்.

"பெரியவரே, ரெகுலேட்டர் உட்கார்ற இடத்துல எந்த மகராசன் பெயிண்ட் அடிச்சான்?"

நான்தான். துருப்பிடிக்காமலிருக்க, 12 ஜனவரி, சனிக்கிழமை, இரண்டு பூச்சு.

"இதுக்கு எர்த்து, அதான் கரண்டு திரும்பிப் போற வழி, இதோட உடம்பு மூலமாத்தான் வண்டிக்குப் போகணும். நீங்க நடுவுல போர்வையைப் போத்தி வெச்சிருக்கீங்க!"

உப்புத்தாளால் பெயிண்டைச் சுரண்டினார். நான் கழற்றி எறிந்த பழைய ரெகுலேட்டரையே திரும்ப மாட்டினார். 14.1! ஒரு குறையும் இல்லாத பொருளை ஐந்து நாள் திட்டியிருக்கிறேன். டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

மகனிடம், "எர்த்து விஷயம்" என்று மட்டும் சொன்னேன். பொய்யன்று.

13 பிப்ரவரி, புதன்

காலை 7.50. சட்டை மாற்றிக்கொண்டு நின்றேன். "ஒரு ரவுண்டு போய்ப் பாக்கறேன்ப்பா," என்று மகன் சாவியை வாங்கினான். இருபது நிமிடத்தில் வந்தான், முகமெல்லாம் பல்.

"புதுசு மாதிரி பண்ணிட்டீங்களேப்பா! இதைப் போய் விப்பாங்களா? ஸ்கூட்டர் இனிமே அவளுக்கு. நான் இதுலயே ஆபீஸ் போறேன்."

"இன்னிக்குப் புதன்," என்றேன்.

"ஆமாப்பா, மீட்டிங் இருக்கு."

8.25க்குப் போனான். ஒரே உதையில் கிளம்பிற்று.

20 பிப்ரவரி, புதன்

காலை 10.05க்கு அக்கா தொலைபேசியில்: "இன்னுமாடா அந்த வண்டி சரியாகல?"

"சரியாயிடுச்சுக்கா," என்றேன். "ரொம்ப நல்லா ஓடுது."