கப்பலூர் வரை ஒரு கேபிள்

அன்புள்ள அக்கா,

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். அப்பா இருமினால் அணைத்துவிடுவேன்.

மதுரையில் ஒரு கல்லூரி லேபில் ஞாயிறுதோறும் நெட்வொர்க் ப்ராஜெக்ட் செய்கிறேன். வரும் ஞாயிறு நானே கேபிள் போட்டு இரண்டு கம்ப்யூட்டர்களைப் பேசவைத்தால், பிளஸ் டூ முடிக்குமுன்பே கல்லூரிப் படிப்பில் சேர்த்துக்கொள்ளும் கிரெடிட் மதிப்பெண் கிடைத்துவிடும்.

“ஞாயித்துக்கெழம எங்கயும் போகாதடி, விருந்தாளுக வாராக,” என்றாள் அம்மா. உன்னைப் பெண்பார்க்க வந்த அன்று நீ கட்டாமல் வீட்டைவிட்டுப் போனாயே, அந்தப் பட்டுப்புடவை இன்று மாடியில் காற்றாடக் கிடந்தது.

கண்ணை மூடினால் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு மேலே ஒரு நீலக் கேபிள் நீ இருக்கும் கப்பலூர்வரை மிதந்து போகிறது. நான் இங்கே செருகியதும் உன் வீட்டில் பச்சை விளக்கு மினுக்குகிறது.

ஞாயிறன்று லேப் வாசலில் நில், அக்கா. உள்ளே நான் பார்த்துக்கொள்வேன். வெளியே வந்தபின் எந்த வீட்டுக்குப் போவதென்றுதான் தெரியவில்லை.

உன் சடையைப் பிடித்தபடி தூங்கியவள்