நீ எண்ணிக்கொண்ட என் கை

நேற்று மதியம் கீழ்த்தளத்தில் லிஃப்ட் திறந்ததும் புதுப் பெயிண்ட் வாசனை முகத்தில் அடித்தது. நம் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு கட்டங்களுக்குப் பச்சை பூசியிருந்தார்கள். பின்சுவரில் மின்சாரக் கார்களுக்கு இரண்டு சார்ஜர்கள். யாரும் மிதித்துவிடாமலிருக்கக் கயிறு கட்டியிருந்தது. நீ இருந்திருந்தால் கயிற்றைத் தாண்டிப் போய்த் தொட்டுப் பார்த்திருப்பாய். நான் இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தேன். நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

செந்தூலில் இந்த அடுக்குமாடிக்கு நாம் ஒரே மாதத்தில்தான் குடிவந்தோம், எதிரெதிர் வீட்டுக்கு. நீ காப்புறுதி முகவர். சின்ன எழுத்தில் இருப்பதைக்கூட விடாமல் படிப்பவன். அந்த வருடம் அரசாங்கச் சலுகைகளைப் படித்துவிட்டு என் வீட்டுக் கதவைத் தட்டினாய்.

"டேய், எலக்ட்ரிக் காருக்கு இறக்குமதி வரி இல்ல, வருஷா வருஷம் கட்டுற ரோட்டெக்ஸும் இல்ல. சார்ஜர் போட்டா அதையும் வருமான வரியில கழிச்சுக்கலாமாம்."

"நமக்கு எதுக்குடா அதெல்லாம்?"

"எனக்கில்லடா. கமலாவுக்கு."

உன் மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். தொலைவில் கிள்ளானில்தான் இடம் கிடைத்திருந்தது. சிகிச்சை முடிந்து திரும்பும் வழியில் உன் பழைய காரின் குலுக்கலும் பெட்ரோல் வாடையும் சேர்ந்து அவளைப் புரட்டி எடுக்கும். பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டே வருவாள். ஒருநாள் மின்சாரக் காரை ஓட்டிப் பார்க்கப் போனபோது அவளையும் ஏற்றிக்கொண்டு போனாய். வந்து, கண் கலங்க என்னிடம் சொன்னாய்: "அவ தூங்கிட்டாடா. கார்ல அவ தூங்கி நான் பார்த்ததே இல்ல."

சலுகையெல்லாம் இருந்தது, சார்ஜ் செய்ய இடம்தான் இல்லை. வாசலும் போர்ட்டிக்கோவும் உள்ள வீட்டுக்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை. நமக்கோ பொதுவான கீழ்த்தளம். குடியிருப்போர் கூட்டத்தில் நீ எழுந்து, படம் வரைந்து காட்டி, செலவை நீயே ஏற்பதாகச் சொன்னாய். கார் தீப்பற்றி எரியும் காணொளி ஒன்று அந்த வாரம் எல்லோருடைய கைப்பேசியிலும் சுற்றிக்கொண்டிருந்தது. நீ கேட்ட கட்டத்துக்குப் பக்கத்துக் கட்டம் என்னுடையது.

ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். நான் தூக்கவில்லை. உன் கோரிக்கை தோற்றது. மூன்று கைகள் குறைந்தன. நான் தூக்கியிருந்தாலும் ஜெயித்திருக்காதுதான். இதை எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

திரும்பி வரும்போது லிஃப்டில் நாம் இருவர் மட்டும்தான். "பயமா இருந்தா சொல்லியிருக்கலாம்லடா," என்றாய். கோபமே இல்லை உன் குரலில். "உன்கிட்ட கேக்காமலே உன் கையையும் எண்ணிட்டேன்."

வரிவிலக்கு முடிவதற்குள் காரை வாங்கத்தான் செய்தாய். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பொதுச் சார்ஜரில் காரை மாட்டிவிட்டு, எதிர்க் கடையில் உட்கார்ந்துகொண்டு என்னை அழைப்பாய். நான் ரயிலேறி வருவேன். குற்ற உணர்ச்சியோடுதான் முதலில் வந்தேன். பிறகு அந்த ஒரு மணி நேரத்துக்காகவே வரத் தொடங்கினேன். ஒருநாள் தே தாரேக் தேநீரை ஆற்றியபடி சொன்னாய்: "வீட்டுலேயே சார்ஜ் போட்டிருந்தா நாம இப்படி உக்காந்து பேசியிருப்போமா, சொல்லுலா." எனக்காகத்தான் சொன்னாய் என்று தெரியும். இருந்தும் சிரித்தேன்.

ஒரு ஞாயிறு காலை பாசாரில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கமலா கார்ச் சாவியை நீட்டினாள். "அண்ணே, எனக்கு ஓட்டத் தெரியாது. கிள்ளானுக்கு..." அவள் முடிக்கும் முன்பே வாங்கிக்கொண்டேன். நான் ஓய்வு பெற்றவன். அன்றிலிருந்து வாரம் மூன்று நாள் உன் இருக்கையில் உட்கார்கிறேன். அது இன்னும் உன் உயரத்துக்கே இருக்கிறது. ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்துத்தான் ஓட்டுகிறேன்.

இந்த ஆண்டுக் கூட்டத்தில் அதே கோரிக்கையை நான் வைத்தேன். பக்கத்துக் கட்டம் என்னுடையது, எனக்கு ஆட்சேபம் இல்லை என்றேன். இன்னும் நான்கைந்து பேர் மின்சாரக் கார் வாங்கிவிட்டிருந்தார்கள். இந்த முறை நிறைவேறியது.

மறுநாள் கிள்ளானிலிருந்து திரும்பும்போது கமலாவிடம் செய்தியைச் சொன்னேன். அரைத்தூக்கத்தில் இருந்தவள் கண்ணைத் திறந்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணே, நீங்க விடமாட்டீங்க. அந்த மொத மீட்டிங்லயே நீங்கதானே மொதல்ல கை தூக்கினீங்க? அன்னைக்கே வந்து சொன்னாரு. ஊரே எதிர்த்தாலும் அவன் தூக்குனான் பாருன்னு, அவ்வளவு சந்தோஷம் அவருக்கு."

சாலை ஒரு கணம் மங்கியது. அந்த லிஃப்டிலிருந்து உன் வீட்டுக் கதவுக்குப் பத்து அடி தூரம் இருக்குமா? அதற்குள் எனக்காக ஒரு பொய்யை யோசித்திருக்கிறாய்.

அவளிடம் உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். அவள் மறுபடி தூங்கிவிட்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. மெதுவாக ஓட்டினேன்.