வண்டிக்கும் ஒரு சொம்பு தண்ணீர்

மச்சான்,

இன்று காலை காரைக் கிளப்பியதும் உன் ஞாபகம் வந்தது. உடனே கண் கலங்கியது என்று நினைத்துக்கொள்ளாதே. உன்னை நாலு வார்த்தை திட்ட வேண்டும் போலிருந்தது. மார்கழிப் பனி. கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வாசலில் நின்றால் எதிர்வீட்டுக் கேட் தெரியவில்லை. போன மாதம் வாங்கிய புது வண்டி. கார்புரேட்டர் கிடையாது, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்று விற்றவர் அளந்து தள்ளிய வண்டி. சாவியைத் திருகினேன். ஆக்சிலேட்டரில் காலே வைக்கவில்லை, சத்தியமாக. இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள் விறுவிறுவென்று ஏறி ஆயிரத்து ஐந்நூறில் போய் நின்றது. இன்ஜின் ஊரைக் கூட்டியது. என் கை தன்னால் சட்டைப்பைக்குப் போய் உன் ஸ்க்ரூடிரைவரைத் தொட்டுப் பார்த்தது.

இப்போது என்ன சொல்கிறாய்? கம்ப்யூட்டர் வைத்த வண்டியும் குளிரில் கத்துகிறது. உன்னுடைய பழைய வெள்ளைக் கார் கத்தியபோது என்னவெல்லாம் பேசினாய்! "வண்டிய எவனோ ஏமாத்தித் தலையில கட்டிட்டான்" என்றாய். "பெட்ரோல குடம் குடமா குடிக்குது" என்றாய். நான் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்துகிறவன். ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்வதுபோல உனக்குச் சொன்னேன். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, பாதி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். ஆயிலும் கெட்டியாக இருக்கும். அந்த நேரத்தில் மெதுவாக ஓடினால் நின்றுவிடும். அதனால்தான் வண்டி தானாகவே பெட்ரோலையும் காற்றையும் கூட்டி எடுத்துக்கொண்டு வேகமாகச் சுற்றுகிறது. சூடானால் தானாக இறங்கிவிடும். இவ்வளவுதான் விஷயம்.

நீ கேட்டாயா? பம்ப்செட் விற்கிறவனிடம் மோட்டாரைப் பற்றிப் பேச முடியுமா? "என் கடையில நாப்பது மோட்டார் இருக்குது. ஒண்ணாவது காலையில கத்துதா? பனி பேஞ்சாலும் ஒரே சத்தம், வெயில் அடிச்சாலும் ஒரே சத்தம். மோட்டார்னா மோட்டார்தான்" என்றாய். அடப்பாவி, அது கரண்டில் ஓடுவது, இது பெட்ரோலில் ஓடுவது என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். உன் கடைக்கு வந்திருந்த விவசாயிகள் நாலு பேரும் உன் பக்கம்தான் தலையாட்டினார்கள். எனக்கு வந்த கோபத்தில் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

இரண்டாயிரத்து ஐந்து தை மாதம் குமராட்சிக்குப் பெண் பார்க்கப் போனோமே, அதை நினைத்தால் இப்போதும் வகுப்பில் பாடம் நடத்தும்போது சிரிப்பு வந்து தொலைக்கிறது. உனக்கு முப்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. அதுவரை வந்த வரன்களை எல்லாம் கெடுத்தது பெண் வீட்டார் இல்லை, உன் அத்தை. உன் அம்மா அப்பா போன பிறகு உன்னை வளர்த்து ஆளாக்கிய, சிதம்பரம் வடக்கு வீதி அத்தை. ஒரு வரன் பூனை குறுக்கே போனதால் போயிற்று. இன்னொன்று பக்கத்து வீட்டுக்காரர் தும்மியதால். அத்தையை மீறி நீ ஒரு வார்த்தை பேசமாட்டாய். குமராட்சி மங்கையின் போட்டோவை மட்டும் பர்ஸில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாய். "மச்சான், இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் அப்பிடியே இருந்துடுறேன். வேற பாக்கமாட்டேன்" என்றாய். உன் குரல் அன்றைக்கு விளையாட்டாக இல்லை.

அப்படிப்பட்டவன் என்ன காரியம் செய்தாய்? பெண் வீட்டு வாசலில் வண்டி கத்தினால் மானம் போய்விடும் என்று, முந்தின நாள் கடலூரிலிருந்து சிதம்பரம் வந்து சேர்ந்தவுடனே, இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போதே, பானெட்டைத் திறந்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டரில் கண்ணில் பட்ட ஸ்க்ரூ இரண்டையும் இறக்கிவைத்தாய். இன்ஜின் பூனைக்குட்டி மாதிரி முனகியது. "கேட்டியா? நீயும் உன் பிசிக்ஸும்!" என்று ஸ்க்ரூடிரைவரை என் மூக்குக்கு நேரே ஆட்டினாய். "நாளைக்குக் காலையில பாரு" என்றேன்.  சொன்னால் கேட்கிற ஜென்மமா நீ?

விடிந்தது. வீதி முழுக்கப் பனி. கோலம் போடுகிற பெண்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு குனிந்திருந்தார்கள். திங்கட்கிழமை, ஏழரைக்கு ராகு காலம், அதற்குள் பெண் வீட்டில் காலை வைத்துவிட வேண்டும். புறப்படும்போதே ஒரு சிக்கல். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது. நீ, நான், அத்தை என்று சரியாக மூன்று பேர் நின்றோம். அத்தை யோசித்தாள். "வண்டியையும் சேத்துக்கோ. அதோட நாலு" என்றாள். நீயும் பயபக்தியோடு ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டாய்.

அத்தை பூவும் பழமும் உள்ள தட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். நீ கிளப்பினாய். கிளம்பியது. கியரைப் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்தாய். வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

"சகுனத் தடை" என்றாள் அத்தை. "எல்லாரும் எறங்குங்க."

தடை வந்தால் என்ன செய்வது என்பதில் அத்தைக்குச் சந்தேகமே கிடையாது. வீட்டுக்குள் போக வேண்டும். உட்கார வேண்டும். ஆளுக்கொரு சொம்பு தண்ணீர் குடிக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துப் புதிதாகப் புறப்படுவதுபோலப் புறப்பட வேண்டும். குடித்தோம். உட்கார்ந்தோம். வெளியே அந்தப் பனியில், கொஞ்சம் வெதுவெதுப்பாகி இருந்த இன்ஜின் மறுபடியும் ஜில்லென்று ஆயிற்று. போய்க் கிளப்பினாய். இந்த முறை கோலத்தின் ஓரம் வரைக்கும் போய் நின்றது.

"எறங்குங்க" என்றாள் அத்தை.

மறுபடியும் தண்ணீர். தைக் குளிரில் அந்தக் குடத்துத் தண்ணீர் பல்லைக் கூச வைத்தது. நான் உன் காதில், "டேய், அஞ்சு நிமிஷம் நிறுத்தாம ஓடவிட்டா சூடாயிடும்டா. இவங்க எறக்கி எறக்கி ஆற வெக்கிறாங்க. ஸ்க்ரூவ ஏத்து" என்றேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு, "வாய மூடு. அத்த காதுல விழப்போவுது. நாந்தான் கைய வெச்சேன்னு தெரிஞ்சா அவ்ளோதான்" என்றாய். சரி, அதில் நியாயம் இருந்தது. ஆனால் கூடவே இன்னொன்றும் சொன்னாயே, "அதுவுமில்லாம நீ சொன்னதுக்காகவெல்லாம் ஏத்தமாட்டேன்" என்று, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. உனக்குக் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று தொங்கிக்கொண்டிருக்கிறது, அப்போதும் வீம்பு!

மூன்றாவது முறையும் நின்றபோது அத்தை கீழே இறங்கி, தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "மூணு தடவ தடுக்குதுன்னா சாமி வேணாங்குதுன்னு அர்த்தம். குமராட்சிக்கு போன் பண்ணி வேற சாக்கு சொல்லிடலாம்" என்றாள். உன் முகத்தை அப்போது பார்த்தேன். திட்டக்கூட மனசு வரவில்லை. அந்த வெள்ளைக் காரையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

எனக்கு எங்கிருந்து அந்த யோசனை வந்ததோ தெரியாது. "அத்தை, நாம மூணு பேரும் தண்ணி குடிச்சோம். நாலாவது ஆளு குடிக்கலியே?" என்றேன்.

"யாரு நாலாவது?"

"வண்டி. நீங்கதான சேத்துக்கிட்டீங்க?"

அத்தை வாயில் கைவைத்துக்கொண்டாள். "அட ஆமாம்! அதான் தடுக்குது. பாவம், அது மட்டும் வெறும் வயித்துல நிக்குது. எலேய், அதுக்கும் ஒரு சொம்பு குடுங்கடா!"

நீ பானெட்டைத் தூக்கினாய். நான் சொம்போடு வந்து அத்தைக்கு மறைப்பாக நின்றேன். ரேடியேட்டரில் நான் தண்ணீர் ஊற்ற, பக்கத்தில் உன் கை கார்புரேட்டருக்குள் இருந்தது. "இன்னும் கொஞ்சம்" என்றேன். அத்தை, "நெறைய ஊத்துங்கடா, கஞ்சத்தனம் பண்ணாதீங்க" என்றாள். நீ திருகினாய். பயத்தில் எவ்வளவு திருகினோம் என்று உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கிளப்பியதும் வண்டி போட்ட சத்தத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாள் மாவுக் கிண்ணத்தைக் கீழே போட்டாள். அத்தைக்கு ஒரே பூரிப்பு. "தண்ணி உள்ள போனதும் என்னா தெம்பு பாத்தியா!" என்று ஏறி உட்கார்ந்தாள்.

குமராட்சி போய்ச் சேரும்போது ராகு காலத்துக்குக் கொஞ்சம்தான் பாக்கி. இன்ஜின் கொதிக்கக் கொதிக்கச் சூடு. ஆனால் வண்டி அடங்குவதாக இல்லை. நீ திருகிய திருகு அப்படி. பெண் வீட்டு வாசலில் ஊரே எட்டிப் பார்க்கும்படி கத்திக்கொண்டு போய் நின்றோம். மங்கையின் அப்பா வரவேற்ற கையோடு, "வண்டி ஏன் தம்பி இப்பிடி கத்துது?" என்றார். நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

"குளிருங்க. பெட்ரோல் சரியா ஆவியாகாது, ஆயில் கெட்டியா இருக்கும். அதனால வண்டியே ஜாஸ்தி எடுத்துக்கிட்டு வேகமா சுத்தும். சூடானா தானா எறங்கிடும்."

அட நாயே! வரிக்கு வரி நான் சொன்னது. அதையும் தப்பான இடத்தில், சூடான வண்டிக்குச் சொல்கிறாய்! சொம்பால் உன் மண்டையில் போடலாம் என்றிருந்தது, சொம்பு சிதம்பரத்திலேயே தங்கிவிட்டது. காபி கொண்டுவந்த மங்கை சிரிப்பை அடக்க முடியாமல், "எங்கப்பாவும் அப்பிடித்தான். காலையில காபி குடிக்கிற வரைக்கும் கத்துவாரு" என்றாள். அவள் அப்பாவே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் உன் கல்யாணம் முடிவானது. திரும்பும்போது மறுபடியும் "தண்ணி ஊத்துறேன்" என்று பானெட்டைத் திறந்து ஸ்க்ரூவை இறக்கினாயே, அதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம். கல்யாணத்துக்குப் பிறகு சொன்னாள். "தண்ணி ஊத்த ஸ்க்ரூடிரைவர் எதுக்குன்னு நெனச்சேன். இவருக்குப் பொய் சரியா சொல்ல வரலியே, தைரியமா கட்டிக்கலாம்னு தோணுச்சு."

இத்தனைக்குப் பிறகும் ஒத்துக்கொண்டாயா நீ? ஒவ்வொரு மார்கழிக்கும் நான் உன் வீட்டுப் பக்கம் வந்தால் போதும், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாய். "கத்துது பாரு, இத எறக்கணும்" என்பாய். நான் கத்துவேன். "வண்டிகூட சூடானா அடங்கிடும், நீ அடங்கமாட்டேங்கிற" என்பாய். மங்கை இரண்டு டம்ளர் காபியை பானெட்டின் மேலேயே வைத்துவிட்டுப் போவாள். ஏழு குளிர்காலம் இந்தக் கூத்து நடந்தது. "நீ சொன்னது சரிதான்" என்று ஒரே ஒரு தடவை உன் வாயிலிருந்து கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே பிடித்திருந்தது. போன ஆடியில், நல்ல வெயில் நேரத்தில், கடையில் ஒரு மோட்டாரைத் தூக்கி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அதைச் சொல்லாமலே போய்விட்டாய். காரியம் முடிந்த அன்று மங்கை உன் ஸ்க்ரூடிரைவரை எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன்.

இன்று காலை என் வண்டி கத்திய கத்தில் நேரே உன் வீட்டுக்குத்தான் போனேன். மங்கை கடை திறக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். உன் வெள்ளைக் காரைக் கிளப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அது அதே பழைய கத்தல். நான் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, "கொஞ்சம் கம்மி பண்ணட்டுமாம்மா?" என்றேன். விளையாட்டுக்குத்தான் கேட்டேன்.

"ஐயய்யோ, கைய வெக்காதீங்கண்ணே. சூடானா தானா எறங்கிடும். அவுரு எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தப்ப மொதல்ல சொன்னதே அதான்."

"யாரு, அவனா?"

"ஆமா. 'இது நான் சொல்றதில்ல, என் மச்சான் சொன்னது. அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்'னாரு. ஒங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

அவள் வண்டியைப் பார்த்தபடியே சொன்னாள். "நீங்க வந்தா மட்டுந்தாண்ணே ஸ்க்ரூடிரைவர எடுப்பாரு. நீங்க போனதும் பழையபடி வெச்சுடுவாரு. 'ஒத்துக்கிட்டா அப்பறம் அவன் எதுக்குக் காலங்காத்தால இவ்ளோ தூரம் வரப்போறான்'னு கேப்பாரு."

படுபாவி. இதை என் முகத்துக்கு நேரே சொல்ல உனக்கு என்ன கேடு? நீ ஒத்துக்கொண்டிருந்தாலும் நான் வந்திருப்பேனே, அது தெரியாதா உனக்கு? மங்கை இருக்கிறாளே என்றுகூடப் பார்க்காமல் அந்த வாசலில் நின்று அழுதேன். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் உன் வண்டி மெல்ல மெல்ல அடங்கி முனக ஆரம்பித்தது. "எறங்கிடுச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் கடைக்குப் புறப்பட்டாள்.

நான் வீட்டுக்குத் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். ஸ்க்ரூடிரைவர் என் சட்டைப்பையிலேயேதான் இருக்கிறது. புது வண்டியில் அதைக்கொண்டு திருக ஒரு ஸ்க்ரூகூடக் கிடையாது, பானெட்டைத் திறந்து தேடிப் பார்த்துவிட்டேன். இருந்தாலும் நாளைக்கும் கிளப்பிவிட்டு, முள் இறங்கும் வரைக்கும் கையை வைக்காமல் உட்கார்ந்திருப்பேன். நீ வந்து, "கத்துது பாரு" என்று ஆரம்பித்தாயானால், இந்த முறை நீ சொல்வதுதான் சரி என்று ஒத்துக்கொள்ளவும் தயாராக இருக்கிறேன், மச்சான்.