லிஃப்ட் கதவில் ஆல்தா

புதன்கிழமை, இரவு

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். அப்பாவிடம் மட்டும் காட்டாதீர்கள்.

நான் சின்ன வகுப்பில் படித்தபோது, ஞாயிறுதோறும் டிவியில் அந்த விண்கப்பல் தொடர் வரும். எங்கள் வீட்டில் வேலை செய்யும் மாலதி தீதி முரி என்று அவள் சொல்லும் பொரிக் கிண்ணத்தோடு தரையில் உட்காருவாள். நான் அவள் மடியில் தலைவைத்துப் பார்ப்பேன். கப்பலின் அடித்தளத்து மக்கள்தான் எல்லோருக்கும் காற்று தயாரிப்பார்கள். ஆனால் லிஃப்டில் அவர்களுக்கு இடமில்லை, ஏணிதான். கோபம் வந்தால் மேல்தளக் கதவுகளில் சிவப்பாக ஏணி வரைந்துவிட்டுப் போவார்கள்.

"நம்ம பில்டிங்கேதான், மாமோனி!" என்று என்னைக் கொஞ்சியபடி தீதி குலுங்கிச் சிரிப்பாள். என் தலையும் சேர்ந்து குலுங்கும்.

இப்போது அவளுக்கு முட்டி வலி. வேலைக்கு வருபவர்கள் படியில்தான் ஏற வேண்டும் என்ற போர்டு இன்னும் இருக்கிறது. நேற்று லிஃப்ட் கதவில் அந்த ஏணியை நான் வரைந்தேன். பெயிண்ட் இல்லாததால், பூஜைக்குத் தீதி காலில் பூசும் சிவப்புச் சாயம், ஆல்தாவை எடுத்துக்கொண்டேன்.

இன்று பில்டிங் செக்ரட்டரி காகு அதைத் தொட்டுப் பார்த்தார். "ஆல்தா! மாலதியைத் தவிர இங்க யார் பூசறா? நாளையிலேர்ந்து அவளை உள்ள விடாதே," என்றார் காவலாளியிடம்.

தீதி என் நகத்தைப் பார்த்தாள். பிறகு, "நான்தான் வரைஞ்சேன், தாதா," என்றாள் செக்ரட்டரியிடம்.

நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். எவ்வளவு தேய்த்தும் நகத்தில் சிவப்பு போகவில்லை.

கதவு தட்டுகிறது. அப்பா.

"முழிச்சிருக்கியா? வாஷ்பேசின்ல என்னடி சிவப்பா?"

கையை மறைக்காமல் போய்த் திறக்கிறேன்.