எதிர்வீட்டுக்குத் தெரியும் முகம்

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீயும் சுகமாக, முக்கியமாக வேளைக்கு வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்திருக்கிறேன். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பல்கூடத் துலக்காமல், ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்து போய் எதிர்வீட்டு வாசலில் நின்று நம் வீட்டைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறோம், ஒரு தடவையாவது நாம் அப்படிப் பார்த்ததுண்டா. நான் பாட்டுக்கு நின்றுகொண்டிருக்க, எதிர்வீட்டு டீச்சர் ஜன்னலைத் திறந்து, "என்னம்மா, வீட்டை விக்கப் போறீங்களா?" என்றார். இல்லை டீச்சர், மூஞ்சி எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தேன் என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது, ஏனென்றால் அந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்ததே அவர்தான்.

நீ போன பிறகு பழைய கொதிகலனைக் கழற்றிவிட்டு எங்கள் கம்பெனியின் ஹீட் பம்ப்பை வைத்தோம் என்று சொன்னேன் அல்லவா. வெளிக்காற்றில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள் கொண்டுவந்து விடுகிற பெட்டி. உள்ளே நல்ல கதகதப்பு, குழாயில் வெந்நீர், குறை சொல்ல ஒன்றுமில்லை. பெட்டி மட்டும் வெளியே, உன் அறை ஜன்னலுக்குக் கீழே நிற்கிறது. சாம்பல் நிறத் தகரம், நடுவில் விசிறிக்காக ஒரு பெரிய கறுப்பு வட்டம், பக்கவாட்டில் கோணல்மாணலாகக் குழாய்கள். அப்பா அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்திருக்கிறார். வாசலில் நின்று உறுமுகிறதாம், பக்கத்தில் எதையாவது வைத்தால் கோபம் வருகிறதாம், வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் வைத்து உபசரிக்க வேண்டுமாம். நிஜ மாப்பிள்ளை வருகிற வரைக்கும் இவரிடம் பழகிக்கொள்கிறேன் என்கிறார். உன்னைக் குத்துவதற்காகச் சொல்வதுதான், நீ காதில் வாங்காதே. டீச்சர்தான் ஒரு நாள் என்னை நிறுத்தி, "கதகதப்பு உங்க வீட்டுக்கு, மூஞ்சி மட்டும் எங்க வீட்டுக்கா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன், ஆனால் அந்தக் கேள்வி என்னோடேயே அலுவலகத்துக்கு வந்துவிட்டது.

அங்கேயும் அதே பேச்சுதான். பெட்டியின் தோற்றத்தைப் பார்த்தே ஆட்கள் வாங்கத் தயங்குகிறார்களாம், அதனால் வெளிக்கூட்டை மாற்ற வேண்டும் என்று ஒரு புதிய வடிவமைப்பாளரைக் கூட்டி வந்தார்கள். நல்ல மனுஷர், நல்ல கையும்கூட, ஆனால் அவருக்கு எதையும் அதுவாகவே விட மனசு வராது. பெட்டியை மரப்பலகைக் கூட்டுக்குள் வைத்து, கதவு மாதிரிக் கோடு போட்டு, பித்தளைப் பிடி வைத்து, வாசலில் வைக்கிற அலமாரி போலவே ஆக்கிவிட்டார். ரிப்பேர்காரருக்காக மேலே ஒரு கீல்மூடி. அதன் திருகாணித் துளைகளையெல்லாம் வரைந்தது நான். சோதித்துப் பார்க்க ஒரு கூட்டை நம் வீட்டிலேயே மாட்டினார்கள். மாட்டிய அன்றைக்கு டீச்சர் வந்து, "இப்பதான் பாக்க லட்சணமா இருக்கு" என்று மனசாரச் சொன்னார். சாயங்காலம் மறுபடி வந்து, "ஏம்மா, உங்க அலமாரி ஏன் உறுமுது?" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததைத் தொலைபேசியில் சொல்லாமல் வைத்திருந்தேன். நீ அனுப்பிய கம்பளிப் போர்வை எப்போது வந்தது என்று கேட்டாயே, அது வந்த அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் இல்லை. கூரியர்காரர் அலமாரியைப் பார்த்திருக்கிறார், மூடியைத் தூக்கியிருக்கிறார், பத்திரமாக உள்ளே இறக்கிவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் தப்பே இல்லை, இந்தத் தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான் பார்சலுக்குப் பெட்டி வைத்திருக்கிறார்கள். பார்சல் நேராகப் போய்க் காற்று வெளிவருகிற வாயை அடைத்து உட்கார்ந்துகொண்டது. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் முக்கிமுனகிவிட்டு நின்றுவிட்டார். சாயங்காலம் அப்பா குளியலறையிலிருந்து தலை நிறைய நுரையோடு எட்டிப் பார்த்து, "அடியே, உங்க கம்பெனி என்னைக் கொல்லப் பாக்குது" என்று கத்தினார். வீடு முழுக்கக் குளிர்ந்துபோய், இருக்கிற போர்வையையெல்லாம் இழுத்துப் போர்த்திக்கொண்டு, இந்த நேரம் பார்த்து நம் பெண் அனுப்பிய போர்வையும் வந்து சேரவில்லையே என்று நாங்கள் அங்கலாய்த்தோம். மறுநாள் மூடியைத் திறந்து பார்த்தால், எங்களை உறைய வைத்ததே உன் போர்வைதான். இப்போது அப்பா அதைத்தான் போர்த்திக்கொண்டு தூங்குகிறார், ரொம்பக் கதகதப்பாக இருக்கிறதாம்.

நான் அலுவலகத்தில் போய் நடந்ததைச் சொன்னேன். எங்கள் பிரிவுத் தலைவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், சிரித்து முடித்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டாப் போச்சு, நீங்களே வரைஞ்சு குடுத்துடுங்க" என்றார். இது அலமாரி அல்ல, உள்ளே எதையும் வைக்காதீர்கள் என்று எழுத வேண்டுமாம். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அலமாரி மாதிரியே ஒன்றைச் செய்து, அதன் மேல் இது அலமாரி அல்ல என்று எழுதி ஒட்டுவதற்கா இவ்வளவு பேர் இத்தனை மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம் என்று தோன்றியது. இன்னொன்றும் தோன்றியது. நானும் இத்தனை வருஷம் யாரோ போட்ட படத்துக்குத் துளையும் எச்சரிக்கையும் வரைந்துகொண்டே இருந்துவிட்டேன். அதில் குறை ஒன்றுமில்லை, துளை சரியில்லாவிட்டால் எந்த அழகும் நிற்காது. ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது.

அன்றைக்கே சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து நானாக ஒன்றை வரைய ஆரம்பித்தேன். எதையும் மறைக்கவில்லை. அந்தக் கறுப்பு வட்டத்துக்குப் பதில் முகம் முழுக்கக் கிடைக்கோடாகத் தகரப் பட்டைகள், ஒவ்வொன்றும் லேசாகக் கீழே சாய்ந்திருக்கும், எதிரே நின்று பார்க்கிறவருக்கு விசிறி தெரியாது, காற்றுக்கும் தடை இருக்காது. மேல்தளம் சரிவு, பார்சலும் வைக்க முடியாது, யாரும் ஏறி உட்காரவும் முடியாது. குழாய்கள் சுவர் மூலையை ஒட்டி நேராக இறங்கும். பெட்டியின் மேல்விளிம்பை ஜன்னலின் அடிவிளிம்போடு ஒரே கோட்டில் கொண்டுவந்தால் அது வீட்டோடு பிறந்தது போல இருக்கும் என்று நினைத்தேன். அது சரிதானா என்று பார்க்கத்தான் இன்று காலை தாளைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர் வாசலில் நின்றேன். டீச்சர் இறங்கி வந்து தாளை வாங்கி, எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து, "இது என்னன்னு பாத்ததும் தெரியுது, ஆனா பயமா இல்ல" என்றார். அப்புறம் நிறம் மட்டும் கொஞ்சம் சோகை பிடித்த மாதிரி இருக்கிறது என்று ஒரு குட்டும் வைத்தார். திருத்திவிட்டேன்.

சிக்கல் என்னவென்றால், திங்கட்கிழமை கூட்டத்தில் எந்தக் கூடு என்று முடிவு செய்கிறார்கள். அலமாரியை முன்மொழியப் போவது எங்கள் தலைவர்தான். நீ குழந்தையாக இருந்தபோது, காய்ச்சல் என்றால் என்னைப் பாதி நாளில் வீட்டுக்கு அனுப்பிவைத்தாரே, அதே மனுஷர். இந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறார், அவர் இடத்துக்கு என் பெயரைச் சொல்லப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அப்பாவுக்கு அதில் தலைகால் புரியாத சந்தோஷம், தான் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம்கூடச் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். நாலு பேர் முன்னால் அவர் முன்மொழிகிற படத்துக்கு எதிராக என் படத்தை எடுத்து வைத்தால் அந்த வாக்கு என்னாகும் என்று எனக்குத் தெரியாது. மற்றபடி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன், இது ஒன்றுதான் பிடிபடவில்லை.

அது இருக்கட்டும். நீ ஈரத் தலையோடு வெளியே போகாதே. அறைத் தோழி உன் சட்டையை எடுத்துப் போடுகிறாள் என்று மனசுக்குள் புழுங்காமல் அவளிடமே சொல்லிவிடு, சொன்னால் தீர்ந்துவிடும். வேலையில் யாராவது நீ செய்ததைத் தான் செய்ததாகச் சொன்னால் சிரித்துக்கொண்டே திருத்து, ஆனால் திருத்து. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, ஆனால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார், அதனால் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே. எந்தக் குறையும் இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நீ நன்றாக இருக்க வேண்டும்.

தலைவரிடம் நாளைக்கே தனியாகப் போய்ச் சொல்லிவிடுவேன், கூட்டத்தில் அவர் முதல்முறையாகக் கேட்கும்படி வைக்க மாட்டேன். ஸ்டிக்கரை வரையப் போவதில்லை. திங்கட்கிழமை என் படத்தைப் பலகையில் குத்தப் போகிறேன், கீழே மூலையில், வரைந்தவர் என்கிற கட்டத்தில் அல்ல, வடிவமைத்தவர் என்கிற கட்டத்தில் என் பெயரை எழுதி.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அம்மா