அப்பாவின் படுக்கையறைக்கு ஏசி வைத்த அன்று

அன்புள்ள மிதோரிக்கு, குமகாயாவிலிருந்து அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். இந்த ஊர் ஆகஸ்டில் அதற்கு மேல் நல்ல சேதி எதையும் எதிர்பார்க்காதே. பெர்கனில் நீயும் மாப்பிள்ளையும் மழையும் ஸ்வெட்டருமாகச் சுகமாக இருப்பீர்கள். தொட்டியில் வைத்திருந்த தக்காளி எல்லாம் கொடியிலேயே வெந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஹிராய் அம்மா பாகற்காய் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறாள், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. அப்பா ரூமுக்கு ஏசி வைத்தாயிற்றா என்று மூன்று தடவை போனில் கேட்டுவிட்டாய். ஏழு கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு அதிகாரி மாதிரி உத்தரவு போடுவது சுலபம். வைத்தாயிற்று. எப்படி வைத்தேன் என்பதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் போனாலும் போ, அப்பாவோடு மட்டும் பேசு.

போன நவம்பரில் பக்கவாதம் வந்து விழுந்ததிலிருந்து அவருக்கு வலது கையும் காலும் இல்லாத கணக்குதான். பேச்சு பாதிப் பாதியாக வரும், ஆனால் காதில் விழுவது எல்லாம் புரியும், அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி. செவ்வாய்க்கிழமை வருகிற நர்ஸ் அவர் தலைமாட்டில் வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு நாள் இந்த அறையில் கிடந்தால் ஆள் மிஞ்சமாட்டார் என்று என்னைத் திட்டினாள். இந்த ஊரில் பாதிப் பேரின் படுக்கையறைக்கு ஏசி மாட்டியவர் உன் அப்பா. தன் வீட்டுப் படுக்கையறைக்கு மட்டும் மாட்டவில்லை. நான் பித்தப்பை ஆபரேஷன் ஆகி ஜூலை மாதத்தில் அந்த அறையில் கிடந்தபோது கெஞ்சிக் கேட்டேன். நாள் பூரா ஊருக்கு மாட்டிவிட்டு வருகிறேன், வீட்டுக்கு வந்தும் அதே வேலையா, விசிறிக்கொள் என்றார். உனக்கு அப்போது பதினாலு வயது, ஈரத் துண்டு மாற்றி மாற்றிப் போட்டாய். நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை.

எல்லாக் கடையிலும் செப்டம்பர் வரை ஆள் கிடையாது என்றார்கள், அதனால்தான் ஓனோதெராவைக் கூப்பிட்டேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். பொய். முதல் போனே அவருக்குத்தான் போட்டேன். ஓனோதெராவை உனக்கு ஞாபகம் இருக்கும், அப்பாவிடம் வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருஷம் அவரோடு ஒரே வண்டியில் போனவர், உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். நீ டோக்கியோவில் படித்துக்கொண்டிருந்தபோது, புதுக் குடியிருப்பு ஒன்றில் வேலை நடந்த இடத்திலிருந்து செம்புக் குழாய்ச் சுருள்கள் காணாமல் போயின. கட்டடக்காரர் வந்து கேட்டபோது அப்பா ஓனோதெராவைக் கைகாட்டினார். போலீஸ் வேண்டாம் என்று பெரிய மனது பண்ணி, வேலையை விட்டு மட்டும் அனுப்பினார். ஊரில் அதற்குப் பிறகு அவருக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. நீ அப்போதே நம்பவில்லை, அப்பாவோடு சண்டை போட்டாய். நீ நினைத்ததுதான் சரி. சுருள்கள் நம் வீட்டுக் கொட்டகையில் இருந்தன. அவற்றின்மேல் பழைய போர்வையைப் போட்டு மூடியது நான்.

பதினாறு வருஷம் கழித்து நான் போன் பண்ணியதும் அவர் ஒன்றும் கேட்கவில்லை, என்றைக்கு வரவேண்டும் என்று மட்டும் கேட்டார். இப்போது தனியாகத்தான் ஒரு சின்ன வண்டி வைத்துக்கொண்டு வேலை செய்கிறார், முடி முழுக்க நரைத்துவிட்டது. அவர் வருவதற்கு முன்னால் அப்பாவின் கட்டிலைத் திருப்பிப் போட்டேன், தலைப்பக்கத்தை உயர்த்தினேன், முகம் சரியாக ஏசி மாட்டப்போகிற சுவரைப் பார்க்கும்படி தலையணையை அண்டக் கொடுத்தேன். யார் வரப்போகிறார்கள் என்று சொல்லவில்லை. நாற்பத்தொரு வருஷத்தில் அவரை நான் அப்படிப் பார்த்துப் பார்த்துப் படுக்கவைத்தது கிடையாது. நான் வெட்கப்படவேண்டும். அன்றைக்கு வெட்கம் வரவில்லை, மிதோரி, கல்யாணத்துக்குத் தயாராகிறவள் மாதிரி இருந்தேன்.

ஓனோதெரா உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, தலை தரையில் படக் குனிந்து, உடம்புக்கு எப்படி இருக்கிறது முதலாளி என்று கேட்டார். அப்பாவின் இடது கை போர்வையைப் பிடித்து இழுத்தது, முகத்தை மூடிக்கொள்ளப் பார்த்தார். நான் போர்வையைக் கீழே இறக்கிவிட்டேன். பிறகு வேலை ஆரம்பித்தது. ஏசியைத் தாங்கும் பலகையை மட்டம் பார்த்துச் சுவரில் அறைந்தார், குழாய் போக வட்டமாக ஓட்டை போட்டார், மண்ணும் தூசியும் படுக்கையில் விழாமல் துணி பிடித்துக்கொண்டார். செம்புக் குழாயைச் சுருளிலிருந்து பிரித்து அறுத்தபோது அந்தச் சத்தத்துக்கு அப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். குழாயை வளைக்கும்போதெல்லாம் ஓனோதெரா, இந்த இடத்தில் வளைக்கட்டுமா, சாய்வு போதுமா முதலாளி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பழி வாங்குகிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இப்போது யோசித்தால் அது பழக்கம் என்று தோன்றுகிறது, பத்தொன்பது வருஷப் பழக்கம்.

வெளிப்பெட்டியை வைத்து இணைப்புக் கொடுத்த பிறகு, குழாய்க்குள் இருக்கும் காற்றை பம்பு வைத்து உறிஞ்ச வேண்டுமாம், கொஞ்ச நேரம் சும்மா காத்திருக்க வேண்டும். அவர் வாசல் படியில் உட்கார்ந்தார், நான் குளிர்ந்த பார்லி டீ கொண்டுபோய் வைத்தேன். அறைக்கதவு திறந்துதான் இருந்தது, அப்பாவுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் திறந்து வைத்திருந்தேன். சத்தமாகச் சொன்னேன். "அந்தச் சுருளை எடுத்தது இவருதான். எங்க கொட்டகையிலதான் கிடந்துச்சு."

ஓனோதெரா டீயைத் தொடவில்லை. "தெரியும் முதலாளியம்மா," என்றார். "அன்னிக்கே தெரியும். வண்டிச் சாவி அவருகிட்ட மட்டும்தானே இருந்துச்சு." உள்ளே அப்பா ஏதோ முனகினார். நான் அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், ஜெயித்தவள் மாதிரி. அப்போதுதான் ஓனோதெரா என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அன்றைக்கே என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல. பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு கேட்டார், "யசுயோ உங்களைத் தேடி வந்தாளே, அது அன்னிக்கு முந்தியா பிந்தியா?"

யசுயோ அவர் மனைவி, உனக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தவள், என் சிநேகிதி. அவரை வேலையை விட்டு அனுப்பிய வாரம் நம் சமையலறைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, ஃபுமியே, நீ சொன்னால் நம்புகிறேன், அவர் எடுத்திருப்பாரா என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும், ஆம்பிளைகள் என்ன செய்கிறார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும் என்றேன். அதைத்தான் சொன்னேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அவள் மறுநாள் அகிதாவில் அண்ணன் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. பிந்தி என்று ஓனோதெராவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "முதலாளி எடுத்தது குழாய மட்டுந்தாம்மா," என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய் பம்பை நிறுத்தினார்.

ஏசியைப் போட்டு, காற்று அப்பாவின் முகத்தில் நேராக அடிக்காதபடி தகட்டைத் திருப்பி வைத்தார். கிளம்பும்போது அப்பா இடது கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஓனோ, ஓனோ என்றார், மேலே வரவில்லை, எச்சில்தான் வழிந்தது. ஓனோதெரா அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கையைப் போர்வைக்குள் வைத்து, மாதம் இருமுறை வடிகட்டியைக் கழுவச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது அறை நன்றாகக் குளிர்கிறது. நர்ஸ் பாராட்டினாள். நான் உள்ளே போனால் அப்பா கண்ணை மூடிக்கொள்கிறார், ஊட்டினால் வாயைத் திறக்கிறார், அவ்வளவுதான். நான் சமையலறையில் படுத்துக்கொள்கிறேன். ஹிராய் அம்மா இன்றும் யசுயோவுக்குப் புத்தாண்டு வாழ்த்து அனுப்புகிறவள், நேற்றுக் காலை அவளிடம் அகிதா நம்பரை வாங்கி யசுயோவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், போர்வையைக்கூடச் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில், அவருக்கு இடது முட்டி வலிக்குமே, இப்போது ஏணி ஏறும்போது நொண்டுகிறாரா என்று கேட்டாள். அன்று முழுக்க அவர் என் கண்ணெதிரே ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். நான் அப்பாவின் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கவனிக்கவில்லை என்றேன். சரி என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உனக்கு எந்தக் குறையும் வரக்கூடாது, நீங்கள் இருவரும் நூறு வருஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசி வாழவேண்டும். குளிர் வருமுன் ஜன்னல் இடுக்கை எல்லாம் அடைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது போனை அப்பாவின் இடது காதில் வைக்கிறேன். என்னோடு பேசக் கேட்க வேண்டாம்.

அம்மா,
குவபாரா ஃபுமியே