உன் ஸ்லைடில் நான் பார்த்தது

கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவியும், ஸ்லைடு தயாரிக்கும் சைலீன் திரவத்தின் வாசனை போகவில்லை. நீ இருந்தால், "ஏட்டி, அந்தக் கையோட என் டிபன் பாக்ஸத் தொடாத" என்றிருப்பாய். இன்று மதியம் லேபில் தனியாகத்தான் சாப்பிட்டேன். அதற்குச் சற்று முன் மைக்ராஸ்கோப்பில் ஒன்று பார்த்தேன். அதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது முறையும் உனக்குக் கரு கலைந்தபோது, திசு நாம் வேலை பார்த்த லேபுக்கே வந்தது. நெருங்கியவர்களின் சாம்பிளை நாமே தொடக் கூடாது என்பது இங்கே வழக்கம். நீதான் போனில் அடம்பிடித்தாய், வேறு யார் கையும் படக் கூடாது என்று. நானே சாயம் ஏற்றினேன். தாயின் நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையை மட்டும் பழுப்பாகக் காட்டும் சாயம் அது. கண்ணை வைத்தால் எங்கே பார்த்தாலும் பழுப்பு.

மறுநாள் டில்லி ஆர்.கே.புரத்தில் உன் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். டாக்டர் ரிப்போர்ட் எழுதட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பெரிய மேதாவி நான். உள்ளே அந்தச் செல்கள் பட்டாளமாக நிற்கின்றன, கருவை அந்நியம் என்று நினைத்துத் தாக்கியிருக்கும் என்றேன். நீ அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாய்.

"அப்ப எம் பிள்ளைய நாந்தான் தின்னுட்டேனா?"

இல்லை என்று நான் சொல்லவில்லை. காரணம் தெரியவில்லை என்றுதான் பிறகு ரிப்போர்ட் வந்தது. நீ டாக்டரைவிட என்னை நம்பினாய். இன்னொரு முறை பார்க்கலாம் என்று உன் வீட்டுக்காரர் கெஞ்சியும் மறுத்துவிட்டாய். மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போனால் படியேறாமல் கீழேயே நின்றுகொண்டு, எனக்கு என்ன வேண்டுதல், நீ போய்விட்டு வா என்பாய். இரண்டு வருஷம் முன்பு டெங்குவில் போகும்வரை அப்படித்தான் இருந்தாய்.

இன்று ஓர் ஆராய்ச்சிக்காக வேறு ஸ்லைடுகள் வந்தன. கரு நன்றாக இருந்தும், வேறு காரணங்களால் சட்டப்படி கலைத்துக்கொண்டவர்களுடையவை. அவற்றிலும் அதே பழுப்பு, அதே நெரிசல். பக்கத்தில் இருந்த டாக்டரிடம் காட்டினேன். "யே தோ நார்மல் ஹை" என்றார், சகஜம்தான் என்று. ஆரம்ப மாதங்களில் அந்தச் செல்கள் அங்கே கூடத்தான் செய்யுமாம். கருவுக்கு இரத்தம் போகும் குழாய்களை அகலப்படுத்த அவைதான் உதவுகின்றனவாம். சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

நான் இத்தனை வருஷமும் கலைந்தவற்றை மட்டுமே பார்த்தவள். நன்றாக வளரும் கர்ப்பத்தின் திசுவை யார் லேபுக்கு அனுப்புவார்கள்? ஒப்பிட ஒன்றுமே இல்லாமல் உனக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

உனக்கு ஏன் கலைந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. சிலருக்கு அந்தச் செல்கள் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்கிறார்கள். உனக்கு அப்படித்தானா என்று அந்த ஸ்லைடை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அன்று உன் சமையலறையில் நின்று, "தெரியலடி" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நீ இன்னொரு முறை முயன்று பார்த்திருப்பாய். அது மட்டும் எனக்குத் தெரியும்.